மறுபூசை காணாத படங்கள்

கல்லால மரத்தின் நிழலிலே தென்திசை நோக்கி அமர்ந்து, மறை நான்கும் ஓதியும் ஐயம் தீராமல் வந்து பணிந்த நால்வருக்கு ஒரு சொல்லும் உரைக்காமல், விரல் சேர்த்துக் காட்டிய அந்த ஒரு காட்சியாலேயே உண்மையை உணர்த்திய பெருமானை முதலில் வணங்குவோம். உலகைக் களமாக்கி, உயிர்களைக் காயாக்கி, படைப்பதையும் துடைப்பதையும் தனக்கு ஆட்டமாகக் கொண்டவனும் அவனே. காட்சியால் கற்பித்தவன் அவன். ஆடிக் கற்பித்தவனும் அவன். அவன் பெயரைச் சொல்லிப் பள்ளிக்கூடம் திறந்து, அவன் செய்ததற்கு நேர்மாறானதை அதற்குள் செய்தவர்களின் கதை இது. ஆகையால் சொல்லும்போது நாக்கில் கசப்பேறினால் அவனே பொறுத்தருள வேண்டும்.

தென்பூலாங்கட்டளை என்கிற ஊரின் நடுநிலைப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு ஆசிரியையாக இருந்த மங்கையர்க்கரசி, ஒரு கோடை விடுமுறை முழுவதும் வீட்டு முற்றத்து வேப்பநிழலில் குந்தியிருந்து, யானையும் மயிலும் வரைந்தாள், தாமிரபரணி மலையில் பிறந்து கடலில் கலப்பதை வரைந்தாள், குளத்து நீர் ஆவியாகி மேகமாகி மழையாகித் திரும்புவதை நீல அம்புக்குறிகளோடு வரைந்தாள், வாயில் இட்ட சோறு போகும் வழியெல்லாம் தெரியும்படி வயிறு திறந்த ஒரு மனிதனை வரைந்தாள். இப்படி இருபத்து நான்கு அட்டைகள் முடிந்தபின், பழைய பந்தல் துணி ஒன்றில் நொண்டியடித்து ஆடும் பாண்டியைக் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்தை உட்கார வைத்தாள்.

அந்தத் துணி ஆவுடைச்செல்விக்காகச் செய்தது. பீடி சுற்றும் பேச்சித்தாயின் ஒரே மகளான ஆவுடைக்கு ஒன்பது வயதாகியும் எழுத்து நிற்கவில்லை. கரும்பலகையில் எழுதிப் பிரம்பால் தட்டிக் காட்டினால், மழைநாளில் விளக்கைச் சுற்றும் ஈசல்களைப்போல எழுத்துகள் அவள் கண்முன் பறந்து, ஒன்றோடொன்று மோதிச் சிறகுதிர்ந்து விழுந்தன. ஆனால் சில்லை எறிந்து நொண்டியடித்து, கால் எந்தக் கட்டத்தில் ஊன்றுகிறதோ அந்த எழுத்தைக் கத்திச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியை விதி செய்தபோது, கண்வழி நுழைய மறுத்தவை உள்ளங்கால் வழியே ஏறத் தொடங்கின. ஒரு மாதத்தில் பன்னிரண்டு எழுத்துகள் ஏறி அவளுக்குள் குடியமர்ந்தன.

தலைமையாசிரியர் வைத்தியலிங்கம் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், என்ன கூத்து இது? சத்தம் ரோடு வரைக்கும் கேக்கு."

"பாடம் நடக்கு சார்."

"பாடம்னா சத்தம் ஒரே மாதிரில்லா கேக்கணும்? இது சிரிப்புச் சத்தம்லா கேக்கு."

அவர் கொடியவர் அல்லர். காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் பள்ளிக்குள் கால் வைக்காதவர். ஆனால் அதிகாரி என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நின்றுவிடுகிறவர். அப்படிப்பட்டவர்களுடைய பக்தி பாதிவழியில் பயமாகிவிடும். பயம் குடியேறிய இடத்தில் பூட்டு முளைக்கும்.

நவராத்திரி வந்தது. சரசுவதி பூசைக்குப் படங்களையெல்லாம் அம்பாள் பாதத்தில் வைக்கலாம், கொடுங்கள் என்று அவர் கேட்டபோது, மங்கையர்க்கரசி மகிழ்ந்து, தன் கையாலேயே அட்டைகளையும் பாண்டித் துணியையும் அடுக்கிக் கொடுத்தாள். சந்தனம் வைத்தார்கள், பொட்டிட்டார்கள், பொரியும் கடலையும் படைத்தார்கள். ஒன்பதாம் நாள் வைத்த ஏட்டை அன்று யாரும் தொடுவதில்லை. பத்தாம் நாள் விடியலில் மறுபூசை செய்து, எடுத்துப் பிரித்து, ஒரு வரியாவது வாசித்தாக வேண்டும். நம் முன்னோர் வகுத்த முறை அது. வைப்பது பாதிப் பூசை. எடுப்பது மீதிப் பூசை. எடுக்காமல் விட்டால் வைத்ததும் பூசையில்லை. ஆனால் பத்தாம் நாள் பள்ளிக்கு விடுமுறை. ஒருவரும் வரவில்லை. பதினொன்றாம் நாள் வைத்தியலிங்கம் வந்து, சந்தனம் காய்ந்த படங்களைப் பாலித்தீன் உறையில் சுற்றி இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, பூட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தார்.

"சார், பிள்ளைகளுக்கு வேணும்லா?" என்றாள் மங்கையர்க்கரசி.

"அம்பாள் பாதத்துல பட்டதை இனிப் பிள்ளைய மிதிச்சு ஆடவா? கார்த்திகையில ஆய்வுக்கு வாராங்க டீச்சர். அன்னைக்கு எடுத்துச் சுவர் நிறையத் தொங்க விடுவோம். கை படாம புதுசு மாதிரி இருக்கும், பாருங்க."

அவள் மனத்துக்குள் ஆயிரம் பதில்கள் எழுந்தன. வாயிலிருந்து வந்தது, "சரி சார்" என்பது மட்டுமே. அந்த இரண்டு சொற்களுக்காக அவள் பிறகு தன்மேலேயே கொண்ட கோபத்தை, வேறு எவர்மேலும் கொண்டதில்லை.

அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் நண்பகலில், பிள்ளைகள் சத்துணவுத் தட்டுகளோடு வரிசையில் நின்றபோது, பீரோவின் சாவித்துளை வழியாகப் படங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதலில் மயில் வந்தது. பிறகு யானை, துதிக்கையை முன்னால் நீட்டி, தாள் உருவப்படுவதுபோல் வழுக்கி வந்தது. வயிறு திறந்த மனிதன் தலை குனிந்து வந்தான். ஆறு சுருண்டு வந்தது. எழுத்துகள் கடைசியாக, ஒற்றைக் காலில் நொண்டியடித்துக்கொண்டே வாசல்படி தாண்டிப் போயின. சோற்றுக்கு நின்ற பிள்ளைகள் அவற்றுக்கு வழிவிட்டு நகர்ந்து, மறுபடி வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். கவனிப்பாரற்ற வீட்டிலிருந்து புறப்பட்டுப் போகிறவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஊர் அவற்றை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். யானை பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றது. அதற்குப் பக்கவாட்டு மட்டுமே உண்டு. நேராகத் திரும்பினால் ஒரு கோடாகி மறைந்துபோகும். ஆகவே, "ஏ, யானை திரும்புது, பாத்து வாங்க!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் ஓட்டுநர்கள் பேருந்தை எடுத்தார்கள். பூக்காரர் அதற்குக் கட்டிய மாலைக்கு ஒரு பக்கப் பூ போதுமானதாயிருந்தது. புகார் எழுத வந்த காவலர், பெயர் யானை, முகவரி ‘யா’ என்ற எழுத்து என்று எழுதிக்கொண்டு, வேறு கேள்வி தோன்றாமல் திரும்பினார். கடைவீதி நடுவே தாமிரபரணி ஒரு விரல் அகலத்துக்கு நீலமாக ஓடியது. எவர் காலையும் நனைக்காது என்று தெரிந்திருந்தும், பெரியவர்கள் வேட்டியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டுதான் அதைத் தாண்டினார்கள். பள்ளியை ஒட்டிய குளத்துக்கும் வானத்துக்கும் நடுவே நிமிர்ந்து நின்ற நீல அம்புக்குறியில் ஈரத்துணி காயப்போட்டார்கள், துணி சீக்கிரம் காய்ந்தது. ஏன் காய்கிறது என்று கேட்ட சிறுமிக்கு, எழுதப் படிக்கத் தெரியாத சலவைக்காரர் அம்பைக் காட்டி விளக்கினார், அவர் விளக்கியதில் பிழையில்லை.

வயிறு திறந்த மனிதன் சொள்ளமுத்துவின் டீக்கடையை ஒட்டி நின்றுவிட்டான்.

"அண்ணாச்சி, உங்க கடையில வட தின்னா இவன மாதிரி ஆயிருமோ?" என்று கேலி பேசினார்கள்.

"யாவாரத்தக் கெடுக்காதீயடே," என்று சொள்ளமுத்து அவன்மேல் ஒரு சாக்கை எடுத்துப் போர்த்தினார். சாக்கு ஊடுருவித் தரையில் விழுந்தது. அவர் பெருமூச்சு விட்டு, ஒரு கிளாசைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏ தம்பி, இந்த வட உள்ள போனா எங்க போவும்?" படம் மெல்ல விரலை உயர்த்தி, தன் தொண்டையிலிருந்து தொடங்கி, வளைவு வளைவாகக் கீழே இறக்கிக் காட்டியது. டீ ஆறிப்போவதையும் மறந்து கடை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றுமுதல் அந்தக் கடையில் எல்லோரும் மென்று தின்றார்கள். ஒரு மாதத்துக்குள், நெல் மூட்டை தூக்குகிறவரும், பால் ஊற்றுகிறவரும், கோயில் மடைப்பள்ளியில் அரிசி களைகிறவரும், ஆறு எங்கே பிறக்கிறது, மழை எப்படி வருகிறது, சோறு எப்படிச் செரிக்கிறது என்பதையெல்லாம் கேலியும் வாக்குவாதமுமாகக் கற்றுக்கொண்டார்கள்.

கற்காமல் இருந்தவர்கள், பள்ளிக்குள் இருந்த பிள்ளைகள் மட்டுமே. படங்கள் தெருவில் நடமாடினால் பாடத்தில் கவனம் சிதறும் என்று அஞ்சிய வைத்தியலிங்கம், சன்னல்களையெல்லாம் சாத்தச் சொல்லி, இடுக்குகளில் பழைய நாட்காட்டித் தாள்களை ஒட்டினார். வெளியே பார்த்தவன் முட்டி போட்டான். அம்பாள் தன் வீணையை ஏந்தித் தெருவெல்லாம் நடக்கிறாள், அவளுக்கென்று கட்டிய வீட்டில் பட்டப்பகலில் இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து மழை, மழை நீர், நீர்ச்சுழற்சி என்று நாற்பது குழந்தைகள் ஒரே குரலில் கத்துகிறார்கள். சன்னலுக்கு இரண்டு முழத் தூரத்தில் நீர்ச்சுழற்சி நின்று காத்திருக்கிறது. இதைக் கண்டும் கொதிக்காத நெஞ்சு எந்தக் கோயிலில் எத்தனை விளக்கு ஏற்றி என்ன பயன்?

அந்த நாட்களில் வாசிக்கத் தெரியாதவர் எத்தனை பேர் என்று கேட்கும் கட்டமொன்று ஆய்வுப் படிவத்தில் இருப்பது வைத்தியலிங்கத்துக்குத் தெரியவந்தது. அவர் பேச்சித்தாயை அழைத்து, மகளைச் சில நாள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பேச்சித்தாய் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இரண்டாவது பீடித்தட்டு ஒன்றை வாங்கி அவள் மடியில் வைத்தாள்.

ஆய்வுக்கு எட்டு நாள் இருக்கையில் பீரோவைத் திறந்தார்கள். பாலித்தீன் உறைக்குள் இருபத்து நான்கு அட்டைகளும் வெள்ளையாக இருந்தன. சந்தனப் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.

"டீச்சர், வெள்ளிக்கெழமைக்குள்ள எல்லாத்தையும் திரும்ப வரைஞ்சிருங்க," என்றார் வைத்தியலிங்கம்.

"வரைய மாட்டேன் சார்."

"என்னது?"

"படம் எங்கேயும் காணாமப் போகல. வெளிய நிக்குது. பிள்ளைகளை வெளிய கூட்டிட்டுப் போங்க, அதிகாரியையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

"வெளிய நின்னா எனக்கென்ன டீச்சர்? சுவத்துல இருக்கான்னுல்லா படிவத்துல கேட்டிருக்கு!"

மங்கையர்க்கரசி வெள்ளை அட்டைகளை அவர் மேசைமேல் வைத்தாள். "ஆவுடையைத் திரும்பக் கூப்பிடுங்க சார், அப்புறம் பேசுவோம்."

"அது முடிஞ்சு போச்சு. அவ அம்மா விருப்பத்துலேயே நிறுத்துதாங்கன்னு தாள் தயாராருக்கு. ஆய்வு அன்னைக்குக் காலையில வந்து கைநாட்டு வைக்கச் சொல்லிருக்கேன். பேர எடுத்துட்டா அந்தக் கட்டத்துல சைபர் போட்டிரலாம்லா?"

அவள் பள்ளியை விட்டு நேரே பேச்சித்தாய் வீட்டுக்கு நடந்தாள். முற்றத்தில் ஏழெட்டுப் பெண்கள் தட்டை மடியில் வைத்து இலை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே மண்தரையில் பாண்டிக் கட்டங்கள் படுத்திருந்தன. துணியைவிட்டு வந்த எழுத்துகள் அங்கேதான் வந்து இறங்கியிருந்தன. ஒருத்தி "நூல்!" என்று கத்தினாள், ஆவுடை சில்லை எறிந்து நொண்டியடித்து, நூ என்ற கட்டத்தில் ஊன்றி, அங்கிருந்து ஒரே தாவில் ல் என்ற கட்டத்துக்குப் போனாள். "தூள்!" என்றாள் இன்னொருத்தி. தாவும்போது எழுத்துகளும் அவளுக்கு வசதியாகச் சற்றே நகர்ந்து கொடுத்தன. தோற்றவள் ஒரு பீடிக்கட்டுக்கு நூல் கட்டித் தரவேண்டும் என்று பந்தயம். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி சேலையைச் செருகிக்கொண்டு நொண்டியடித்து விழுந்து சிரித்தாள்.

பேச்சித்தாய் மட்டும் ஆடவில்லை. தலை நிமிராமல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். என்ன இந்தப் பக்கம்?"

"ஆவுடையைப் பள்ளிக்கு அனுப்புங்கம்மா. எந்தத் தாள்லயும் கைநாட்டு வைக்காதீங்க."

"நீங்க ஏன் இப்ப வந்து சொல்லுதீய?" பேச்சித்தாயின் விரல்கள் நிற்கவில்லை. "எம்மவ நாலு வருசம் அங்க வந்தா. நாலு வருசமா மூதேவி, மக்குன்னு கேட்டுட்டு வந்தா. மூணு நாலு மாசந்தான் சிரிச்சுக்கிட்டு வந்தா, டீச்சர் ஆடச் சொன்னாவன்னு. அப்பொறம் அதையும் பூட்டிட்டீய. எல்லாத்தையும் உங்க கையால எடுத்துக் குடுத்தீயளாமே? அவ சொன்னா."

"ஆமாம்மா. குடுத்தேன்."

"பொறவு?"

மங்கையர்க்கரசிக்கு வெட்கத்தைவிடக் கோபமே பெரிதாயிருந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு இந்த முற்றத்தில் உரிமை இல்லை என்பதை அவள் அறிந்திருந்தாள். திரும்பும்போது ஆவுடை பின்னாலேயே ஓடி வந்து, "டீச்சர், க்ஷ தவிர எல்லாம் வந்துட்டு. அது மட்டும் எங்க போச்சுன்னே தெரியல," என்றாள்.

ஆய்வு நாள் வந்தது. சுவர்களில் இருபத்து நான்கு வெள்ளை அட்டைகள் சந்தனப் பொட்டோடு தொங்கின. மங்கையர்க்கரசி வரையவில்லை, வேறெவருக்கும் வரையத் தெரியாது. வைத்தியலிங்கம் வேர்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி உள்ளே வந்தார், நாற்காலியில் அமர்ந்தார், படிவத்தைப் புரட்டினார், பேனா முனையை ஒவ்வொரு அட்டையாக நீட்டி எண்ணினார்.

"இருபத்து நாலு. சரியாயிருக்கு. நல்லாப் பராமரிச்சிருக்கீங்க, கிழிசலே இல்லை," என்று சரிக்குறி இட்டார்.

வெற்றுத் தாளை வாழ்த்திய அந்தக் குரலைக் கேட்டதும் மங்கையர்க்கரசி தன் இடத்திலிருந்து எழுந்து, நாட்காட்டித் தாள்களைப் பரபரவென்று கிழித்து, நான்கு சன்னல்களையும் திறந்துவிட்டாள். வெளிச்சம் உள்ளே விழுந்தது. நாற்பது தலைகள் திரும்பின. "என்ன இது?" என்றார் அதிகாரி.

"பாடம் சார்," என்றாள்.

அந்த நேரத்தில் வாசலில் பேச்சித்தாய் வந்து நின்றாள், மகளோடு. கைநாட்டு வைக்கச் சொன்ன நேரம் அதுதான். வைத்தியலிங்கம் விரைந்து சென்று, தாளையும் மைப்பெட்டியையும் மேசைமேல் வைத்து, "இங்க வச்சிட்டுப் போம்மா, சீக்கிரம்," என்றார். பேச்சித்தாய் விரலை மையில் அழுத்தினாள். நீலம் ஏறிய விரலைத் தாளின்மேல் கொண்டுபோனவள், ஏதோ நினைத்துக்கொண்டவளாக நிறுத்தினாள்.

"ஏட்டி, இதுல என்ன எழுதிருக்கு?"

"அவளுக்கு என்னம்மா தெரியும்?" என்றார் வைத்தியலிங்கம்.

ஆவுடை மேசைமேல் குனிந்தாள். பாண்டிக் கட்டத்தில் தாவுவதுபோல, ஓர் எழுத்துக்கு ஒருமுறை வலது குதிகால் தரையில் தட்டியது. தட்டத் தட்ட, திறந்த சன்னல் வழியாக யானை தலையை நீட்டியது, மயில் சட்டத்தில் வந்து அமர்ந்தது, வயிறு திறந்த மனிதன் டீக்கடையிலிருந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதிகாரி அவற்றைப் பார்த்தார். படிவத்தில் அவற்றுக்கு இடமில்லாததால் மறுபடி சிறுமியைப் பார்த்தார்.

"மா… ண… வி. மாணவி. ஆ… வு… டை… ச்… செ… ல்… வி. அது நான்." குதிகால் தட்டியது. "நா… ன்… கு ஆ… ண்… டு… க… ள்… ப… யி… ன்… று… ம்… வா… சி… க்… க… இ… ய… லா… த… வ… ள்." அவள் நிமிர்ந்து, சந்தேகத்தோடு கேட்டாள்: "யாரும்மா, வாசிக்க இயலாதவ?"

வைத்தியலிங்கம் தாளை எடுக்கக் கை நீட்டினார். பேச்சித்தாய் அதன்மேல் தன் இடக்கையை அறைந்து வைத்தாள்.

"இன்னும் வாசி."

"பெ… ற்… றோ… ர்… வி… ரு… ப்… ப… ப்… ப… டி… நீ… க்… க… ப்… ப… டு… கி… றா… ள்."

"பெற்றோருன்னா நானா?" என்று பேச்சித்தாய் அதிகாரியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆமாம்மா," என்றார் அவர், மெதுவாக.

"எஞ்சாமி கேக்கட்டும், இந்தப் பள்ளிக்கூடம் கேக்கட்டும். எம்மவ பேரு ஒண்ணுதான் இதுல மெய்யி. மத்த அம்புட்டும் பொய்யி. பொய்க்கு எங்கைநாட்டக் கேட்டீயளா, சாரே?" அவள் தாளைக் கசக்கவில்லை, கிழிக்கவில்லை, நான்காக மடித்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும். எவனாவது இன்னொரு பிள்ளைய வாசல்ல நிறுத்துனா, எடுத்துட்டு வருவேன். எம்மவளே வாசிப்பா."

பிறகு மகளின் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "போ. முன்னால போய் உக்காரு. நாளைக்கும் வருவ. நாளன்னைக்கும் வருவ." மங்கையர்க்கரசியைக் கடந்து போகும்போது ஒரு கணம் நின்றாள். "டீச்சர், சன்னல மூடிராதீய."

"மூட மாட்டேம்மா," என்றாள் மங்கையர்க்கரசி. இம்முறை குரல் தாழவில்லை.

அதிகாரி படிவத்தை மறுபடி திறந்தார். படங்கள் எத்தனை என்ற கட்டத்தில் இட்ட சரிக்குறியை அடித்தார். எதை எழுதுவது என்று தெரியாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டார். அவர் பணியாற்றிய காலத்தில் உண்மையாக நிரப்பப்பட்ட கட்டம் அது ஒன்றாகவே இருக்கலாம். படங்கள் அட்டைகளுக்குத் திரும்பவே இல்லை. பாடம்தான் அவற்றைத் தேடித் தெருவுக்குப் போனது.

இதைக் காதால் கேட்டவர்கள் எவராயினும் அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு எழுத்து இனிதாக வசப்படட்டும். கற்பிக்கும் கைகள் சோர்வறியாதிருக்கட்டும். தவறென்று தெரிந்தும் "சரி" என்று சொல்லும் நாவுக்கு இறைவன் நாணத்தையும், பிறகு துணிவையும் அருளட்டும். எல்லோரும் நீடு வாழ்க. எவர் வீட்டுச் சன்னலும் அடைபடாதிருக்க.